மலை ரயில் எப்படி ஏறுகிறது?

தண்டவாளமும் எஃகு, சக்கரமும் எஃகு. இரண்டும் வழவழவென்று இருக்கும். ரயிலின் பலமே அந்த வழவழப்புதான். சமதளத்தில் ஒரு டன் எடையுள்ள பெட்டியை ஓடவைக்க இரண்டு மூன்று கிலோ இழுவிசை இருந்தால் போதும். அதே எடையை டயர் வண்டியில் ஏற்றிச் சாலையில் இழுத்தால் நாலைந்து மடங்கு ஆகும். ஒற்றை இன்ஜின் ஐம்பது அறுபது சரக்குப் பெட்டிகளை இழுத்துப் போவதன் ரகசியம் இவ்வளவுதான்.

இனி மலைக்கு வருவோம். ரயில்வேக்காரர்கள் சரிவை ‘நூற்றுக்கு ஒன்று’, ‘நாற்பதுக்கு ஒன்று’ என்று சொல்வார்கள். நூறு மீட்டர் ஓடினால் ஒரு மீட்டர் ஏறுகிறது என்றால் அது 100க்கு 1. பாதையோரம் ஆங்காங்கே ஒரு குட்டைக் கம்பத்தில், மேலேயோ கீழேயோ சாய்ந்த பலகையும் அதில் ஒரு எண்ணும் இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அது டிரைவருக்கான சரிவுக் குறி. 100க்கு 1 என்பது நம் கண்ணுக்குச் சரிவாகவே தெரியாது. ஆனால் அந்தச் சரிவில் ஏறும் ஒவ்வொரு டன்னுக்கும் பத்து கிலோ இழுவிசை கூடுதலாக வேண்டும். சமதளத்துக்குப் போதுமாயிருந்த இரண்டு மூன்று கிலோவோடு ஒப்பிட்டால் சுமை நாலைந்து மடங்காகிவிடுகிறது. 40க்கு 1 என்றால் டன்னுக்கு 25 கிலோ. ஊட்டி ரயில் ஏறும் 12க்கு 1 சரிவில் 83 கிலோ.

இன்ஜினுக்கு வலு போதவில்லை என்றால் பெரிய இன்ஜின் வாங்கலாம். ஆனால் பிடிப்புக்கு என்ன செய்வது? எஃகின் மேல் எஃகு பிடிக்கும் பிடி, நன்றாகக் காய்ந்த நிலையில் இன்ஜின் எடையில் ஏறக்குறைய கால் பங்கு. அதற்கு மேல் இழுத்தால் சக்கரம் நின்ற இடத்திலேயே சுற்றும். மழையும் மூடுபனியும் இலைச்சருகும் சேர்ந்தால் அந்தக் கால் பங்கு பத்தில் ஒன்றாகக்கூட இறங்கிவிடும். 40 டன் இன்ஜினை 12க்கு 1 சரிவில், ஈரத் தண்டவாளத்தில் நிறுத்திப் பாருங்கள். அதற்குக் கிடைக்கும் பிடிப்பு 4 டன். தன்னைத் தானே மேலே தூக்கிக்கொள்ளவே 3.3 டன் போய்விடுகிறது. மிச்சத்தில் ஒரு சின்னப் பெட்டியை இழுத்தாலே பெரிய விஷயம்.

இறங்குவது இதைவிட மோசம். பிரேக் போட்டாலும் ரயிலை நிறுத்துவது அதே பிடிப்புதான். மலையில் ரயில் விட்டவர்கள் ஏற்றத்தைவிட இறக்கத்துக்கே அதிகம் பயந்தார்கள்.

மலைப்பாதை போட்ட எல்லோருக்கும் கணக்கு இது ஒன்றுதான். விடைதான் மலைக்கு மலை வேறு. என்னைக் கேட்டால், அந்த விடையைத் தீர்மானித்தது மலையைவிட இரண்டு கேள்விகள்: எதை ஏற்றப் போகிறோம்? காசு யாருடையது? ஒரு மலைப்பாதையின் வரைபடத்தைப் பார்த்தால் இந்த இரண்டுக்கும் பதில் ஏறக்குறைய தெரிந்துவிடும்.

பருத்திக்காக ஒரு மலை

இந்தியாவில் முதல் பெரிய மலையேற்றம் மும்பைக்கும் புனேவுக்கும் நடுவிலுள்ள போர் காட் (Bhor Ghat) என்ற மலைச்சரிவு. தக்காணத்துப் பருத்தி மும்பைத் துறைமுகத்துக்கு இறங்கியாக வேண்டும். சுமையோ கனம். போடப்படுவதோ நாட்டின் முதன்மைப் பாதை. ஆகவே பாதி வழியில் வேறு கேஜ் (இரண்டு தண்டவாளங்களுக்கும் நடுவிலுள்ள அகலம்), வேறு இன்ஜின் என்ற பேச்சுக்கே இடமில்லை. கிரேட் இந்தியன் பெனின்சுலா ரயில்வே கம்பெனி 1856ல் வேலையைத் தொடங்கி 1863ல் முடித்தது. சரிவு 37க்கு 1, சுரங்கங்கள் 25.

மலை செங்குத்தாக நின்ற ஓரிடத்தில் திருப்பிப் போடும் நிலையம் ஒன்று வைத்தார்கள். ரயில் ஏறி வந்து ஒரு முட்டுச்சந்தில் நிற்கும். இன்ஜினைக் கழற்றி மறு முனையில் மாட்டுவார்கள். வந்த திசைக்கு எதிர்த்திசையில் அடுத்த சரிவு ஏறும். வளைந்து திரும்ப இடமில்லாத மலையில் இப்படி நின்று, திசை மாற்றி, மறுபடி ஏறுவதுதான் மலிவான வழி. பின்னால் புதுப் பாதை போட்டு அந்த நிலையத்தை ஒதுக்கிவிட்டார்கள். சரிவு மட்டும் அப்படியேதான் இருக்கிறது. இன்றைக்கும் கர்ஜத்தில் ரயிலின் பின்னால் கூடுதல் இன்ஜின்களைச் சேர்த்து லோனாவாலா வரை தள்ளிவிடுகிறார்கள்.

1861ல் அந்த மலையில் 42,000 பேர்வரை வேலை செய்தார்கள். காலராவிலும் காய்ச்சலிலும் வெடிவிபத்திலும் செத்தவர்கள் ஆயிரக்கணக்கில். ஒப்பந்தக்காரராக வந்த சாலமன் டிரெட்வெல் 1859ல் வந்திறங்கிய சில வாரங்களிலேயே நோயில் இறந்துபோக, அவர் மனைவி ஆலிஸ் டிரெட்வெல் ஒப்பந்தத்தைத் தன் பெயரில் ஏற்று, பொறியாளர்களை வைத்து வேலையை முடித்தார். அந்தக் காலத்தில் ஒரு பெண் இப்படிச் செய்ததை நினைத்தால் வியப்புதான். கூலிகளின் பெயர்கள் எந்தக் கல்வெட்டிலும் இல்லை என்பதையும் சேர்த்தே நினைக்க வேண்டும்.

காசு? கம்பெனிப் பங்குதாரர்களுக்கு ஆண்டுக்கு 5 சதவீத வருமானத்துக்கு அரசே உத்தரவாதம் கொடுத்திருந்தது. லாபம் குறைந்தால் வித்தியாசத்தை இந்திய வரிப்பணம் ஈடுகட்டும். மலையைக் குடையும் துணிச்சல் எங்கிருந்து வந்தது என்பது இப்போது புரியும்.

காசு குறைவு, அதனால் குட்டி ரயில்

டார்ஜிலிங் நேர் எதிர். அங்கே ஏற்கெனவே மாட்டுவண்டிச் சாலை ஒன்று மலையேறிக்கொண்டிருந்தது. தேயிலை இறங்கும், அரிசி ஏறும். சிலிகுரியில் விற்ற அரிசி மலைமேல் இரண்டு மடங்குக்கும் மேல் விலை. கிழக்கு வங்க ரயில்வேயின் பிராங்க்ளின் பிரெஸ்டேஜ் 1878ல் ஒரு யோசனை சொன்னார்: புதிதாக மலையை வெட்ட வேண்டாம், இருக்கிற சாலையோரமே இரண்டடி அகலத்தில் தண்டவாளம் போட்டுவிடலாம். 1881ல் ரயில் டார்ஜிலிங் சேர்ந்துவிட்டது.

இரண்டடி ஏன்? ரயில் சக்கரங்கள் இரண்டும் ஒரே அச்சில் இறுகப் பொருத்தப்பட்டவை, ஒன்றைவிட ஒன்று வேகமாகச் சுற்ற முடியாது. வளைவில் வெளித் தண்டவாளம் நீளம், உள் தண்டவாளம் குட்டை. கேஜ் அகலமாக இருக்க இருக்க இந்த வித்தியாசம் கூடும், சக்கரம் உராயும், திரும்பாது. கேஜ் குறுகினால் இறுக்கமான வளைவிலும் ரயில் திரும்பிவிடும். இறுக்கமாகத் திரும்ப முடிந்தால் மலையின் மடிப்பை ஒட்டியே போகலாம், பாலமும் சுரங்கமும் குறையும். டார்ஜிலிங் பாதையில் ஒரு சுரங்கம்கூடக் கிடையாது. அதற்குப் பதிலாக ரயில் தன் தடத்தையே சுற்றிவந்து மேலே தாண்டிப் போகும் வளையங்களும், முன்னும் பின்னுமாக ஏறும் ‘இசட்’ திருப்பங்களும் உண்டு. நூற்றுக்கும் மேற்பட்ட இடங்களில் சாலையை வெட்டிக் குறுக்கே போகும். கடைவாசலை உரசிக்கொண்டு ரயில் போகும் படங்கள் எல்லாம் இந்தச் சிக்கனத்தின் விளைவுதான்.

பிடிப்புப் பிரச்சினைக்கு அவர்கள் கண்ட வழி மணல். நீராவி இன்ஜினின் முன்விளிம்பில் ஆட்கள் உட்கார்ந்துகொண்டு, சக்கரம் வழுக்கும்போதெல்லாம் கையால் தண்டவாளத்தில் மணல் தூவுவார்கள்.

பல் வைத்த பாதை

நீலகிரிக்கு வருவோம். மேட்டுப்பாளையம் வரை 1873லேயே ரயில் வந்துவிட்டது. அதற்கு மேல் மாட்டுவண்டியும் குதிரை வண்டியும்தான். மலைமேல் இருந்தது சென்னை மாகாண அரசின் கோடைக்காலத் தலைநகரம். வெலிங்டனில் பட்டாளம், சுற்றிலும் தோட்டங்கள். முக்கியமாக ஏற வேண்டியது துரைமார்களும் கோப்புகளும். சுமை கனமில்லை, அவசரமும் இல்லை. ஆனால் மலை செங்குத்து.

எவ்வளவு செங்குத்து? மலையடிவாரத்துக் கல்லாறிலிருந்து குன்னூர் ஏறக்குறைய 1,300 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. இதை 40க்கு 1 என்ற நாகரிகமான சரிவில் ஏறினால் 52 கிலோமீட்டர் பாதை வேண்டும். சரிவை 12க்கு 1 வரை கூட்டிக்கொண்டதால் 19 கிலோமீட்டரில் வேலை முடிந்தது. அந்தச் சரிவில் வெறும் சக்கரப் பிடிப்பை நம்ப முடியாது என்பதை மேலே பார்த்தோம். பிடிப்பை வேறு எங்கிருந்தாவது கொண்டுவந்தாக வேண்டும்.

சுவிட்சர்லாந்தில் 1871ல் ரிகி மலைக்கு நிக்லவுஸ் ரிக்கன்பாக் ஒரு பாதை போட்டிருந்தார். தண்டவாளங்களுக்கு நடுவே ஏணி மாதிரி ஒரு பல்சட்டம். இன்ஜினின் அடியில் ஒரு பல்சக்கரம். பல்லும் பல்லும் கவ்விக்கொண்டு ஏறும். அதே ரிக்கன்பாக் 1882ல் நீலகிரிக்கு வந்து பார்த்தார். ஆனால் கடைசியில் இங்கே வந்தது அவரிடம் வேலை பார்த்த ரோமன் ஆப்ட் என்பவரின் முறை. இரண்டு சட்டங்களைப் பக்கம் பக்கமாக வைத்து, ஒன்றின் பல் இருக்கும் இடத்தில் மற்றதின் பள்ளம் வருமாறு தள்ளிவைத்தார் ஆப்ட். அதற்கேற்பப் பல்சக்கரமும் இரட்டை. பனையேறுகிறவர் ஒரு பிடியை விடுவதற்கு முன்பே அடுத்த பிடியைப் போட்டுவிடுவார் அல்லவா, அதே உத்தி. எந்த நொடியிலும் ஏதோ ஒரு பல் முழுதாகக் கவ்வியிருக்கும்.

சும்மா ஒன்றும் முடிந்துவிடவில்லை. ஊட்டிக்கு ரயில் என்ற பேச்சு 1854லேயே எழுந்தது. கட்டுமானம் தொடங்கியது 1891ல். நடுவில் கம்பெனிக்குப் பணம் தீர்ந்து திவாலாகி, வேறு கம்பெனி வாங்கி, மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூருக்கு ரயில் ஓடியது 1899ல். ஊட்டி சேர்ந்தது 1908ல். மொத்தம் 46 கிலோமீட்டர். இதில் 16 குகைகள், 250 பாலங்கள், 208 வளைவுகள். பல்சட்டம் இருப்பது கல்லாறுக்கும் குன்னூருக்கும் நடுவில் மட்டும்தான். குன்னூருக்கு மேலே 25க்கு 1 என்று சரிவு தணிந்துவிடுவதால் வழக்கமான சக்கரப் பிடிப்பே போதும்.

கல்லாறு தாண்டியதும் ரயில் ஊர்ந்து போவதைக் கவனியுங்கள். பல்சக்கரம் சட்டத்தில் சரியாகப் பொருந்த வேண்டும். பல்லின் மேல் பல் ஏறினால் ஆபத்து. அதனால் சட்டத்தின் தொடக்கத் துண்டைச் சுருள்வில்லின் மேல் வைத்திருக்கிறார்கள். பொருந்தாமல் மோதினால் அது கொஞ்சம் அமுங்கிக் கொடுத்து, பல் பள்ளத்தில் விழுந்ததும் நிமிர்ந்துகொள்ளும். அப்புறம் மணிக்குப் பதின்மூன்று கிலோமீட்டர்தான் வேகம்.

இன்ஜின் பின்னாலிருந்து தள்ளுவதைப் பார்த்துப் பலர் குழம்புவார்கள். காரணம் எளியது. இன்ஜின் மேலே நின்று இழுத்தால், கொக்கி அறுந்த பெட்டிகள் மேட்டுப்பாளையம் நோக்கி ஓடிவிடும். இன்ஜின் கீழே நின்று தள்ளினால் பெட்டிகள் அதன் மேலேயே சாய்ந்து நிற்கும். ஆனால் பின்னால் இருக்கும் டிரைவருக்கு முன்னால் என்ன இருக்கிறது என்று தெரியாது. முதல் பெட்டியின் முன்மேடையில் நிற்கும் பிரேக்மேன் பார்த்துக் கொடி காட்டுவார். ஒவ்வொரு பெட்டியிலும் ஒரு பிரேக்மேன் உண்டு. பெட்டிக்கும் தனியாகப் பல்சக்கர பிரேக் உண்டு. இறக்கத்தின் மேலுள்ள பயம் இன்னும் போகவில்லை என்பதற்கு இதுவே சாட்சி.

இந்தப் பாதையின் எக்ஸ் வகை நீராவி இன்ஜின்கள் சுவிட்சர்லாந்தின் விண்டர்தூரில் செய்யப்பட்டவை. இவற்றுக்கு நான்கு சிலிண்டர்கள். சமதளத்தில் இரண்டு மட்டும் வேலை செய்து சக்கரங்களை ஓட்டும். பல்சட்டம் வந்ததும், அந்த இரண்டில் வேலை முடித்து வெளியேறும் நீராவியை வீணாக்காமல் மற்ற இரண்டு சிலிண்டர்களுக்கு அனுப்புவார்கள். அவை பல்சக்கரத்தைச் சுற்றும். ஒரே நீராவியிடம் இரண்டு முறை வேலை வாங்குகிறார்கள். அதே வடிவமைப்பில், ஆனால் எண்ணெயில் ஓடும் புதிய இன்ஜின்களை 2011லிருந்து திருச்சி பொன்மலைப் பணிமனையே செய்து கொடுத்தது. நூறு வருஷத்துக்கு முந்தைய இயந்திரத்தைப் புதிதாகச் செய்யத் தெரிந்த கைகள் நம் ஊரில் இருக்கின்றன என்பதைப் பற்றி நாம் பேசுவதே இல்லை.

மலையகத்தின் அகலப் பாதை

இலங்கையில் மலையேறியது காப்பிக்காக. கண்டி மலைநாட்டிலிருந்து கொழும்புத் துறைமுகத்துக்குக் காப்பி மாட்டுவண்டியில் இறங்கிக்கொண்டிருந்தது. தோட்டக்காரர்கள் ரயில் கேட்டு நச்சரித்தார்கள். 1867ல் கண்டிக்கு ரயில் வந்தது. கனமான சரக்கு என்பதால் குட்டிக் கேஜ் வேண்டாம் என்று ஐந்தரை அடி அகலப் பாதையே போட்டார்கள். இரண்டு வருஷத்தில் காப்பிச் செடியில் இலைநோய் விழுந்தது. பயிர் அழிந்து தேயிலை வந்தது. பயிர் மாறினாலும் பாதை நீண்டுகொண்டே போனது: 1885ல் நானுஓயா, 1894ல் பண்டாரவளை, 1924ல் பதுளை. நடுவில் பட்டிப்பொலவில் 1,898 மீட்டர் உயரம் தொடுகிறது.

அகலப் பாதையை 44க்கு 1 சரிவில் ஏற்ற வேண்டுமானால் வளைந்து வளைந்து நீளத்தைக் கூட்டுவதைத் தவிர வழியில்லை. தெமோதரையில் பாதை மலையைச் சுற்றிவந்து, அந்த ஸ்டேஷனுக்கு அடியிலேயே சுரங்கம் வழியாகப் போகிறது. தோட்டத்துக் கங்காணி ஒருவர் தலைப்பாகையை அவிழ்த்துக் கட்டுவதைப் பார்த்துத்தான் பொறியாளருக்கு அந்த யோசனை வந்தது என்று ஒரு கதை உண்டு. கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் டார்ஜிலிங்கில் பல பத்தாண்டுகளுக்கு முன்பே வளையங்கள் இருந்ததால், நான் இதைக் கதையாகவே வைத்துக்கொள்கிறேன்.

அந்தக் கங்காணிக்குக் கீழே கொழுந்து பறித்தவர்கள் தமிழ்நாட்டிலிருந்து போனவர்கள். காப்பிக் காலத்தில் மன்னாரில் இறங்கிக் காடு வழியாக மாத்தளைக்கு நடந்தே போனார்கள். வழியில் இறந்தவர்கள் ஏராளம். 1914ல் தனுஷ்கோடி–தலைமன்னார் கப்பலோடு ரயில் இணைந்தபிறகுதான் அந்த நடை குறைந்தது.

காணாமல் போன பாதை

மூணாறில் ஒரு ரயில் ஓடியது என்றால் இன்று யாரும் நம்ப மாட்டார்கள். தேயிலையைத் தமிழ்நாட்டுப் பக்கம் இறக்குவதற்காக 1902ல் குண்டளைப் பள்ளத்தாக்கில் ஒற்றைத் தண்டவாளப் பாதை ஒன்று போட்டார்கள். சுமை ஒரே தண்டவாளத்தின் மேல். சாயாமல் பிடிக்க, பக்கத்தில் தரையில் ஓடும் ஒரு பெரிய சக்கரம். இழுத்தது மாடுகள். 1908ல் அதை எடுத்துவிட்டு இரண்டடி கேஜ் ரயில் பாதையாக்கினார்கள். மூணாறிலிருந்து டாப் ஸ்டேஷன் வரை ரயில். அங்கிருந்து செங்குத்தான மலைச்சரிவில் கம்பிவடத்தில் தொங்கியபடி பெட்டிகள் குரங்கணிப் பக்கம் இறங்கும். அங்கிருந்து மாட்டுவண்டியில் போடி.

1924 ஜூலையில் கேரளத்தையே புரட்டிப்போட்ட வெள்ளம் இந்தப் பாதையையும் அடித்துக்கொண்டு போனது. திரும்பப் போடவில்லை. டாப் ஸ்டேஷன் என்ற பெயர் மட்டும் இருக்கிறது. போகிறவர்கள் அங்கே பஸ் ஸ்டாப்பைத்தான் தேடுகிறார்கள்.

ஏன் திரும்பப் போடவில்லை? மலைக்கு லாரி வந்துகொண்டிருந்தது. மறுபடி அந்தப் பிடிப்புக் கணக்குக்கே வாருங்கள்: ரப்பர் டயர் சாலையைப் பிடிக்கும் பிடி, எஃகின் மேல் எஃகைவிட இரண்டு மூன்று மடங்கு. பல்சட்டம் இல்லாமலே 12க்கு 1 சரிவை லாரி ஏறும். கொண்டை ஊசி வளைவில் திரும்பும். வீட்டு வாசல்வரை போகும். சமவெளியில் ரயிலை ஜெயிக்கவைத்த வழவழப்பு மலையில் அதற்கு எதிரியானது. உலகம் முழுவதும் குட்டி மலைப்பாதைகள் பலவும் இப்படித்தான் மூடின.

தப்பித்தவை இரண்டு வகை. போர் காட் மாதிரி, இல்லாமல் நடக்காது என்ற முதன்மைப் பாதைகள் ஒரு வகை. செங்கோட்டை–புனலூர் பாதையும் 1904லிருந்து மீட்டர் கேஜாக மேற்குத்தொடர்ச்சி மலையைத் தாண்டி, அகலப் பாதையாகி 2018ல் மறுபடி திறந்தது. இன்னொரு வகை, சுற்றுலாவும் பெருமையும் காப்பாற்றியவை. யுனெஸ்கோ பாரம்பரியப் பட்டியலில் டார்ஜிலிங் 1999லும், நீலகிரி 2005லும், கல்கா–சிம்லா 2008லும் ஏறின.

இப்போது புதிதாக மலையில் பாதை போடுகிறவர்கள் ஏறுவதே இல்லை, துளைத்துக்கொண்டு போகிறார்கள். காஷ்மீர் பாதையில் பீர் பஞ்சால் மலைக்கு அடியில் 11 கிலோமீட்டர் சுரங்கம். செனாப் ஆற்றுக்கு மேல் 359 மீட்டர் உயரத்தில் பாலம். இவ்வளவு காசை எந்தத் தேயிலைக் கம்பெனியும் போடாது. எல்லைப் பாதுகாப்பு என்றால் அரசாங்கம் போடும்.

ஊட்டி ரயிலில் போக நினைப்பவர்களுக்கு ஒன்று. ஐப்பசி, கார்த்திகையில் மழை வலுத்தால் கல்லாறுக்கும் குன்னூருக்கும் நடுவே மண்சரிவு விழுவது ஏறக்குறைய வருஷாவருஷம் நடப்பது. அந்தப் பகுதியில் ரயிலை நாள்கணக்கில் ரத்து செய்துவிடுவார்கள். அப்போதும் குன்னூருக்கு மேலே டீசல் இன்ஜின் பெரும்பாலும் ஓடிக்கொண்டுதான் இருக்கும். மழைக்காலத்தில் போனால் பஸ்ஸில் குன்னூர் வரை வந்து ஏறிக்கொள்வது உத்தமம். பல்சட்டத்தைப் பார்க்க வேண்டும் என்றால் தை மாதம் வரை பொறுத்திருங்கள்.